டிரெய்லரில் பயணம்: இரவு தங்கும் இடத்தைக் கம்ப்யூட்டரிலேயே முடிவு செய்யலாம்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. இன்டர்நெட் இணைப்பும் வந்துவிட்டது. இமெயில் அனுப்பத் தெரியும், பாட்டு கேட்கத் தெரியும். "இதற்கு மேல் இதை வைத்து என்ன செய்யலாம்?" என்பதுதான் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் கேட்கும் கேள்வி. என் பதில்: ஒரு பயணத்தை முழுமையாகத் திட்டமிட்டுப் பாருங்கள். பிரவுசர், மேப், ஸ்ப்ரெட்ஷீட், பிரிண்டர் ஆகிய நான்கையும் ஒரே வேலைக்குப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

நான் அமெரிக்காவில் சிகாகோ அருகே சாஃப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்க்கிறேன். எங்களிடம் ஒரு சிறிய டிரெய்லர் உண்டு. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் வண்டி இது. உள்ளே ஒரு கட்டில், ஒரு சிறிய கேஸ் அடுப்பு, ஒரு தண்ணீர் கேன் வைக்க இடம். அவ்வளவுதான். கழிவறை கிடையாது. நான், மனைவி, நான்கு வயது மகள் மூவரும் படுக்கலாம். ஹோட்டல் செலவு இல்லை, மகளுக்குப் பிடித்த ரசம் சாதத்தை எங்கே வேண்டுமானாலும் சமைத்துக் கொடுக்கலாம். ஆனால் மாலை ஆனதும் ஒரு கேள்வி எழும். இரவு வண்டியை எங்கே நிறுத்துவது?

இந்தக் கேள்விக்குச் சாலையில் வைத்துப் பதில் தேடக் கூடாது. வீட்டில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேட வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

பாதுகாப்பான இடம் எது?

பலரும் நினைப்பது போல, கண்ணுக்குத் தெரியாத ஒதுக்குப்புறமான இடம் பாதுகாப்பான இடம் அல்ல. தங்க அனுமதி உள்ள இடமே பாதுகாப்பான இடம். காரணம் எளிது. அனுமதி இல்லாத இடத்தில் நிறுத்தித் தூங்கினால், இரவு 2 மணிக்குப் போலீஸோ காவலாளியோ கதவைத் தட்டி "கிளம்புங்கள்" என்று சொல்லலாம். அவர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் அரைத் தூக்கத்தில், தெரியாத ஊரில், பின்னால் ஒரு வண்டியை இழுத்துக்கொண்டு, குழந்தையோடு மறுபடி சாலைக்கு வருவதுதான் அந்த இரவின் மிகப் பெரிய ஆபத்து.

இதில் கம்ப்யூட்டரின் எல்லை என்ன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேப் உங்களுக்கு இடத்தைக் காட்டும். அங்கே தங்கலாமா என்பதைக் காட்டாது. அதை நீங்கள்தான் உறுதி செய்து குறித்து வைக்க வேண்டும்.

எத்தனை வகை இடங்கள்?

அமெரிக்காவில் டிரெய்லருடன் தங்கக் கூடிய இடங்களைக் கீழ்க்கண்டவாறு பிரிக்கலாம்.

1. மத்திய அரசு கேம்ப்கிரவுண்டுகள்: கேம்ப்கிரவுண்ட் என்பது வண்டி நிறுத்தவும் கூடாரம் போடவும் எண் போட்ட இடங்கள் உள்ள திடல். ஒவ்வொரு இடத்துக்கும் சைட் என்று பெயர். தேசியப் பூங்காக்கள், தேசியக் காடுகள் போன்ற ஒரு டஜனுக்கும் மேற்பட்ட மத்திய அரசுத் துறைகளின் இடங்களை ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற ஒரே வெப்சைட்டில் பதிவு செய்யலாம். இவற்றில் பலரும் கவனிக்காதவை ராணுவப் பொறியாளர் துறை நடத்தும் இடங்கள். அணைகளைக் கட்டிப் பராமரிக்கும் துறை இது. 400க்கும் மேற்பட்ட ஏரி, ஆற்றுத் திட்டங்களில் பொழுதுபோக்கு இடங்களை நடத்துகிறது. தண்ணீர் ஓரத்தில் சுத்தமான சைட்டுகள், பெரும்பாலும் 20 முதல் 30 டாலர் அளவில் கிடைக்கும்.

2. மாநிலப் பூங்காக்கள்: ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி வெப்சைட், தனி விதி. பல மாநிலங்களில் சைட் கட்டணம் வேறு, பூங்கா நுழைவுக் கட்டணம் வேறு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்.

3. சிற்றூர், மாவட்டப் பூங்காக்கள்: நடு மேற்கு மாநிலங்களில் பல சிறிய ஊர்கள் தங்கள் பூங்காவிலேயே சில சைட்டுகளை வைத்திருக்கின்றன. கட்டணம் மிகக் குறைவு. பணத்தைக் கவரில் வைத்துப் பெட்டியில் போட்டுவிட வேண்டியதுதான். இவை பெரிய வெப்சைட்டுகளில் வருவதில்லை. ஊர்ப் பெயரையும் "சிட்டி பார்க் கேம்பிங்" என்பதையும் சேர்த்துத் தேடவும்.

4. பொது நிலங்கள்: நில மேலாண்மைத் துறையின் நிலங்களிலும் தேசியக் காடுகளிலும், தடை செய்யப்படாத இடங்களில் இலவசமாகத் தங்கலாம். நில மேலாண்மைத் துறை நிலங்களில் பொதுவாக 28 நாட்களில் 14 நாட்கள் வரை அனுமதி. தண்ணீர், கழிவறை, குப்பைத் தொட்டி எதுவும் இருக்காது. தேசியக் காடுகளில் எந்தச் சாலையில் வண்டி போகலாம், எந்தச் சாலை ஓரத்தில் தங்கலாம் என்பதைக் காட்டும் வண்டிப் பாதை மேப்பை வனத்துறை இலவச பிடிஎப் பைலாகத் தருகிறது.

5. தனியார் கேம்ப்கிரவுண்டுகள்: 1962ல் மான்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் தொடங்கிய கேஓஏ நிறுவனம் இதில் பெரியது. மின்சாரம், வெந்நீர், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் உண்டு. பல இடங்களில் கட்டணம் 50 டாலரைத் தாண்டும்.

6. கடைகளின் பார்க்கிங்: வால்மார்ட் கடைகள் சிலவற்றில் ஓர் இரவு நிறுத்த அனுமதி தருவார்கள். ஆனால் இது எல்லாக் கடைக்கும் பொதுவான உரிமை அல்ல. இட வசதியையும் உள்ளூர்ச் சட்டத்தையும் பார்த்து அந்தந்தக் கடை மேனேஜர் முடிவு செய்வார். முன்பே போன் செய்து கேட்க வேண்டும். நாற்காலி விரிப்பது, அடுப்பை வெளியே வைப்பது எல்லாம் கூடாது. தூங்கி எழுந்து கிளம்பிவிட வேண்டும்.

7. நெடுஞ்சாலை ஓய்விடங்கள்: மாநிலத்துக்கு மாநிலம் நேர வரம்பு மாறும். புளோரிடாவில் 3 மணி நேரம், கலிபோர்னியாவில் 8 மணி நேரம், ஓரிகனில் 12 மணி நேரம், டெக்சாசில் 24 மணி நேரம். களைப்பு நீங்கக் கண் மூடலாம் என்பதுதான் இதன் பொருள். முகாம் போட அல்ல.

லாரிகள் நிற்கும் பெட்ரோல் நிலையங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லாரி டிரைவர்கள் 11 மணி நேரம் ஓட்டினால் 10 மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டம். லாரிக்கான இடத்தில் நம் சிறிய வண்டியை நிறுத்தினால் ஒரு டிரைவரின் தூக்கம் போகும். கார் பகுதியில் நிறுத்தலாமா என்று உள்ளே போய்க் கேளுங்கள்.

முதல் வேலை: ஒரு ஷீட் தயார் செய்யுங்கள்

கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதையே பயன்படுத்தலாம். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைத் திறக்கவும். முதல் வரிசையில் கீழ்க்கண்ட தலைப்புகளை அடிக்கவும்.

இரவு எண், வரிசை (ஏ, பி, சி), இடத்தின் பெயர், நடத்துபவர், அட்சரேகை, தீர்க்கரேகை, கட்டணம், நெடுஞ்சாலையிலிருந்து விலகும் தூரம், அனுமதிக்கும் நீளம், கடைசிச் சாலை (தார் அல்லது மண்), போன் எண், உறுதி செய்த தேதி.

ஒவ்வோர் இரவுக்கும் மூன்று வரிசைகள். ஏ என்பது பதிவு செய்த இடம். பி என்பது பதிவு தேவைப்படாத, ஏ கிடைக்காவிட்டால் 30 நிமிடத்தில் போகக் கூடிய இடம். சி என்பது எந்த நேரமும் நுழையக் கூடிய, தார்ச் சாலை ஓரத்தில் உள்ள இடம். மூன்றும் நிரம்பாத இரவு இருந்தால் அந்த நாளின் பாதையை மாற்றிவிடுவேன்.

அட்சரேகை, தீர்க்கரேகையை எங்கே எடுப்பது? கூகுள் மேப்பைக் கம்ப்யூட்டரில் திறந்து, வேண்டிய இடத்தின் மீது மவுஸால் ரைட் கிளிக் செய்திடவும். வரும் மெனுவின் முதல் வரியில் இரண்டு எண்கள் இருக்கும். அவற்றில் கிளிக் செய்தால் காப்பி ஆகிவிடும். ஷீட்டில் பேஸ்ட் செய்து இரண்டு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளவும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அமெரிக்கா கிட்டத்தட்ட முழுவதும் மேற்குத் தீர்க்கரேகையில் இருப்பதால் இரண்டாவது எண்ணுக்கு முன் மைனஸ் குறி வரும். தெற்கு டகோட்டாவின் வால் என்ற சிற்றூர் 43.99, -102.24 என்ற இடத்தில் உள்ளது. அந்த மைனஸ் விடுபட்டால் மேப் உங்களை மங்கோலியாவின் பாலைவனத்துக்குக் கொண்டுபோய்விடும்!

வெப்சைட்டில் எதைப் பார்க்க வேண்டும்?

ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் ஊர்ப் பெயரையும் தேதியையும் கொடுத்துத் தேடினால் கேம்ப்கிரவுண்டுகள் வரிசையாக வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் சைட் எண்கள் தெரியும். அவசரப்பட்டுப் பதிவு செய்யாதீர்கள். சைட் எண்ணில் கிளிக் செய்தால் விவரப் பட்டியல் வரும். அதில் மூன்று வரிகள் முக்கியம்.

மேக்ஸ் வெஹிகிள் லெங்த்: அந்த சைட்டில் நிற்கக் கூடிய வண்டியின் அதிகபட்ச நீளம். எங்கள் டிரெய்லர் 15 அடி, கார் 16 அடி. சேர்த்து 31 அடி. விதி எந்த நீளத்தைச் சொல்கிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். சந்தேகம் இருந்தால் போன் செய்யுங்கள்.

டிரைவ்வே என்ட்ரி: இதில் பேக்-இன் என்று இருந்தால் ரிவர்ஸில்தான் நுழைய வேண்டும். புல்-த்ரூ என்று இருந்தால் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறலாம். சிறிய டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். நீளம் குறைந்த டிரெய்லர் ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே சட்டென்று மடங்கும். களைப்பான நாட்களுக்குப் புல்-த்ரூ சைட்டையே தேர்ந்தெடுக்கவும்.

எலக்ட்ரிக் ஹூக்கப்: மின் இணைப்பு உண்டா என்பதைச் சொல்லும். வேண்டாம் என்றால் இல்லாத சைட்டை எடுங்கள். கட்டணம் குறையும்.

பதிவு எத்தனை நாள் முன்பு திறக்கும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். மத்திய அரசு இடங்கள் பலவற்றுக்கு 6 மாதம் முன்பே திறந்துவிடுகிறது. தெற்கு டகோட்டா மாநிலப் பூங்காக்கள் பெரும்பாலானவற்றுக்கு 90 நாள். கம்ப்யூட்டரின் காலண்டரில் இந்தத் தேதிகளுக்கு நினைவூட்டல் போட்டுவிடுங்கள். கேன்சல் விதியையும் படியுங்கள். ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் சைட்டைக் கேன்சல் செய்தால் பொதுவாக 10 டாலர் பிடிப்பார்கள். முந்தைய நாளோ அன்றோ கேன்சல் செய்தால் முதல் இரவுக் கட்டணமும் போய்விடும்.

புதியவர்களுக்கு ஒரு முக்கியக் குறிப்பு. தேடல் முடிவுகளில் முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அரசு வெப்சைட் போலவே தோற்றம் தந்து, கூடுதல் கட்டணம் வாங்கும் தளங்களும் உண்டு. கார்டு எண்ணைக் கொடுக்கும் முன் பிரவுசரின் முகவரிக் கட்டத்தைப் பாருங்கள். அமெரிக்க மத்திய அரசு தளங்களின் பெயர் பெரும்பாலும் டாட் கவ் என்று முடியும்.

ஷீட்டை மேப்பில் ஏற்றுவது எப்படி?

ஷீட்டில் இருக்கும் 20, 30 இடங்களையும் ஒரே மேப்பில் புள்ளிகளாகப் பார்க்கலாம். அதற்கு ஷீட்டை சிஎஸ்வி பைலாக சேவ் செய்ய வேண்டும். கால்க் புரோகிராமில் பைல் மெனு சென்று, சேவ் ஆஸ் பிரிவில் டெக்ஸ்ட் சிஎஸ்வி என்பதைத் தேர்ந்தெடுக்கவும். அடுத்து வரும் விண்டோவில் கேரக்டர் செட் என்ற இடத்தில் யூடிஎப்-8 இருக்கட்டும். வேறு ஏதாவது இருந்தால் தமிழில் அடித்த குறிப்புகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.

அடுத்து கூகுள் மை மேப்ஸ் தளத்துக்குச் சென்று புதிய மேப் ஒன்றை உருவாக்கி, இம்போர்ட் என்பதில் கிளிக் செய்து இந்த பைலைக் கொடுக்கவும். இடத்தைக் காட்டும் கட்டங்கள் எவை என்று கேட்கும். அட்சரேகை, தீர்க்கரேகையை டிக் செய்யவும். அடுத்து, புள்ளிக்குப் பெயராக எதை வைப்பது என்று கேட்கும். இடத்தின் பெயரைக் கொடுக்கவும். சில நொடிகளில் உங்கள் பயணம் முழுவதும் மேப்பில் தெரியும். ஏ இடங்களுக்குப் பச்சை, பி இடங்களுக்கு மஞ்சள், சி இடங்களுக்குச் சிவப்பு நிறம் கொடுத்தால் எந்த இரவுக்கு ஆதரவு குறைவு என்பது பார்த்ததுமே புரிந்துவிடும்.

மேலிருந்து ஒரு பார்வை

ஒவ்வொரு புள்ளியையும் சாட்டிலைட் படத்துக்கு மாற்றிப் பெரிதாக்கிப் பாருங்கள். நான் பார்ப்பவை இவை.

* கடைசி 10 மைல் சாலை தாரா, மண்ணா? தெற்கு டகோட்டாவின் மண் சாலைகள் மழையில் களியாகி டயரை விடாது.
* டிரெய்லரோடு திரும்ப வட்டமோ வளையமோ உண்டா? முட்டுச் சந்தாக முடிந்தால் அந்த இடம் வேண்டாம்.
* ரயில் பாதை எவ்வளவு அருகில்? சிற்றூர்ப் பூங்காக்கள் பலவும் தண்டவாளத்தின் ஓரத்திலேயே இருக்கும். இரவெல்லாம் ஹாரன் கேட்கும்.
* காய்ந்த ஓடைப் படுகையா? மேற்கு மாநிலங்களில் எங்கோ பெய்த மழை, இங்கே நட்சத்திரம் தெரியும் இரவில் வெள்ளமாக வரும்.

அளக்கவும் முடியும். மேப்பில் ரைட் கிளிக் செய்து மெஷர் டிஸ்டன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு இடங்களில் கிளிக் செய்தால் இடைப்பட்ட தூரம் வரும். சைட்டின் நீளம் போதுமா என்பதை வீட்டிலிருந்தே அளந்துவிடலாம்.

மற்றவர்கள் எழுதியதைப் படிக்கும் முறை

கேம்ப்எண்டியம், ஐஓவர்லேண்டர் போன்ற தளங்களில் தங்கியவர்கள் எழுதிய குறிப்புகள் கிடைக்கும். நட்சத்திரங்களை எண்ணாதீர்கள். தேதியைப் பாருங்கள். சென்ற வருடம் ஜூனில் அருமையாக இருந்த இடம் இப்போது மூடப்பட்டிருக்கலாம். எழுதியவர் எந்த வண்டியில் வந்தார் என்பதையும் பாருங்கள். ஜீப்பில் வந்தவருக்குச் சுலபமான சாலை உங்களுக்கு ஆகாது. செல்போன் சிக்னல் பற்றிய குறிப்பு இருந்தால் ஷீட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உறுப்பினர் கட்டணம் வாங்கிக்கொண்டு, பண்ணைகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் ஓர் இரவு நிறுத்த ஏற்பாடு செய்யும் ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் போன்ற சேவைகளும் உண்டு. பணம் கட்டும் முன் நிபந்தனையைப் படியுங்கள். வண்டிக்குள்ளேயே கழிவறை, தண்ணீர்த் தொட்டி, சமையல் வசதி இருக்க வேண்டும் என்கிறார்கள். எங்களைப் போன்ற சிறிய டிரெய்லர்காரர்களுக்கு இது பொருந்தாது.

இலவசம் உண்மையிலேயே இலவசமா?

ஷீட்டில் "உண்மைச் செலவு" என்று ஒரு கட்டம் சேருங்கள். கணக்கு இதுதான்: விலகும் தூரத்தை 2ஆல் பெருக்கி, மைலேஜால் வகுத்து, பெட்ரோல் விலையால் பெருக்கி, கட்டணத்தோடு கூட்டவும்.

டிரெய்லரோடு மைலேஜ் ஒரு காலனுக்கு 16 மைல், பெட்ரோல் ஒரு காலன் 3.60 டாலர் என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையிலிருந்து 40 மைல் உள்ளே இருக்கும் இலவச இடத்துக்குப் போய் வர 80 மைல், 5 காலன், 18 டாலர். நெடுஞ்சாலையிலிருந்து 2 மைலில் இருக்கும் 24 டாலர் இடத்துக்கு உண்மைச் செலவு 24.90 டாலர். வித்தியாசம் 7 டாலருக்கும் குறைவு. இந்த 7 டாலருக்கு வெந்நீர்க் குளியலும், விளக்கு வெளிச்சமும், இரண்டு மணி நேரத் தூக்கமும் கிடைக்கிறது. அதே இலவச இடம் 5 மைல் தூரத்தில் இருந்தால் செலவு 2.25 டாலர்தான். அப்போது யோசிக்காமல் அங்கே போகலாம்.

ஓர் உதாரணம்: சிகாகோவிலிருந்து மேற்கே

எங்கள் ஷீட்டின் முதல் மூன்று இரவுகளைப் பாருங்கள். பாதை ஐ-90 நெடுஞ்சாலை. நேரத்தைக் கணக்கிட கூகுள் மேப் காட்டும் நேரத்தோடு கால் பங்கு கூட்டிக்கொள்வேன். மேப் காரின் வேகத்தைச் சொல்கிறது. டிரெய்லர் டயர்கள் பலவும் மணிக்கு 65 மைல் வேகத்துக்கு மட்டுமே செய்யப்பட்டவை. ஒரு நாளைக்கு 300 மைல் அளவில் நிறுத்திக்கொண்டால், சூரியன் மறைய இரண்டு மணி நேரம் முன்பே சேர்ந்துவிடலாம்.

முதல் இரவு: விஸ்கான்சினில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் டி சோட்டோ ஊர் அருகே உள்ள பிளாக்ஹாக் பார்க். ராணுவப் பொறியாளர் துறை நடத்துவது. ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் பதிவு செய்தோம்.

இரண்டாம் இரவு: மின்னசோட்டாவை முழுவதும் கடந்து, தெற்கு டகோட்டாவில் சூ ஃபால்ஸ் நகருக்கு மேற்கே உள்ள லேக் வெர்மிலியன் பூங்கா. மாநிலப் பூங்கா என்பதால் நுழைவுக் கட்டணம் தனி.

மூன்றாம் இரவு: பேட்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் சீடர் பாஸ் கேம்ப்கிரவுண்ட். தூரம் கணக்கிட மேப் கூடத் தேவையில்லை. இந்த மாநிலத்தில் நெடுஞ்சாலை எக்சிட் எண்கள் மேற்கு எல்லையிலிருந்து எண்ணிய மைல்கள். சூ ஃபால்ஸ் அருகே எக்சிட் 396. பேட்லேண்ட்ஸ் திருப்பம் எக்சிட் 131. கழித்தால் 265 மைல்.

அதே இரவுக்கு எங்கள் பி இடம், பூங்காவின் மறு பக்கத்தில் உள்ள சேஜ் கிரீக் கேம்ப்கிரவுண்ட். இலவசம், பதிவு கிடையாது, முதலில் வருபவருக்கு இடம். ஆனால் மண் சாலை, தண்ணீர் இல்லை, 18 அடிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு அனுமதி இல்லை. காரையும் சேர்த்த நீளமா என்பதைப் பூங்கா அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும். காட்டெருமைகள் திடலுக்குள்ளேயே உலவும். அழகுதான், ஆனால் குழந்தையைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். சி இடம், வால் ஊருக்கு அருகே உள்ள பஃபலோ கேப் தேசியப் புல்வெளி.

மூன்று வரிசைகள் எதற்கு என்பது நான்காம் நாள் வயோமிங்கில் தெரிந்தது. ஏ இடமாக வைத்திருந்த ஒரு சிற்றூர்ப் பூங்காவை மாலை ஏழரைக்கு அடைந்தபோது, தொடர் மழையால் தரை ஊறி, வாசலில் சங்கிலி போட்டிருந்தார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. மகள் பின் சீட்டில் தூங்கிவிட்டாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. மனைவி பிரிண்ட் எடுத்த தாளைப் பிரித்து பி வரிசையைப் படித்தாள். அதுவும் மண் சாலை என்று குறித்திருந்ததால் அன்றைய மழைக்கு அது வேண்டாம் என்று முடிவு செய்தோம். சி வரிசை, அடுத்த ஊரில் ஒரு கடையின் பார்க்கிங். மேனேஜர் அனுமதி தந்ததாகத் தேதியோடு எழுதியிருந்தது. இருபது நிமிடத்தில் அங்கே சேர்ந்து, உள்ளே போய் இன்னொரு முறை கேட்டு, பாலும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு, விளக்குக் கம்பத்தின் கீழ் நிறுத்தித் தூங்கினோம். யாரும் கதவைத் தட்டவில்லை.

அங்கிருந்து யெல்லோஸ்டோன் செல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்தப் பூங்காவுக்குள் சாலை ஓரத்திலோ பார்க்கிங்கிலோ இரவு தங்க அனுமதி இல்லை. ஃபிஷிங் பிரிட்ஜ் ஆர்வி பார்க்கில் கரடி நடமாட்டம் காரணமாகக் கெட்டியான சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே இடம். துணிச் சுவர் வைத்து மடக்கி விரிக்கும் டிரெய்லருக்கு அனுமதி கிடையாது. பதிவு செய்யும் முன் உங்கள் டிரெய்லர் எந்த வகை என்று பாருங்கள்.

கிளம்பும் முந்தைய நாள் செய்ய வேண்டியவை

1. அமெரிக்க தேசிய வானிலைத் துறையின் வெதர் டாட் கவ் தளத்தில், தங்கப் போகும் இடத்தின் மீது மேப்பில் கிளிக் செய்தால் அந்தப் புள்ளிக்கான முன்னறிவிப்பு கிடைக்கும். காற்றின் வேகத்தையும் வெள்ள எச்சரிக்கையையும் பாருங்கள்.

2. பதிவு இல்லாத எல்லா இடங்களுக்கும் போன் செய்து, "உறுதி செய்த தேதி" கட்டத்தை நிரப்புங்கள். அந்தக் கட்டம் காலியாக இருக்கும் இடத்தை இல்லாத இடமாகவே கருத வேண்டும்.

3. செல்போனில் கூகுள் மேப்பின் ஆஃப்லைன் மேப்பை டவுன்லோட் செய்யுங்கள். சிக்னல் இல்லாமலேயே கார் வழி காட்டும். சாட்டிலைட் படம் மட்டும் அதில் வராது. எனவே சிக்கலான இடங்களின் படத்தைத் தனியே சேவ் செய்துகொள்ளவும்.

4. ஷீட்டை இரண்டு பிரிண்ட் எடுங்கள். பேஜ் செட்டப் பிரிவில் லேண்ட்ஸ்கேப் தேர்ந்தெடுத்தால் எல்லாக் கட்டங்களும் ஒரே தாளில் அடங்கும். ஒன்று காரில், ஒன்று டிரெய்லரில். மூன்றாவது பிரதியை ஊரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கு இமெயில் செய்யுங்கள். நான் அப்பாவுக்கு அனுப்புவேன். எந்த இரவு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று அவருக்குத் தெரியும்.

தங்கும் இடத்தில்

டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றினால் முதலில் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள், பிறகு கழற்றுங்கள். கொக்கியில் பூட்டு போடுங்கள். ஓர் இரவுதான் என்றால் கழற்றாமல், காரின் முகம் வெளிவாசலைப் பார்த்தபடி நிறுத்துங்கள். குளிருக்காகக் கேஸ் அடுப்பை எரிய விட்டுத் தூங்கவே கூடாது. சிறிய டிரெய்லருக்குள் கார்பன் மோனாக்சைடு வாயு வேகமாகச் சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதைக் கண்டறிந்து ஒலி எழுப்பும் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். இடம் சரியில்லை என்று மனதுக்குப் பட்டால் காரணம் தேடாமல் அடுத்த வரிசைக்குப் போங்கள். அதற்காகத்தான் அந்த வரிசையைத் தயார் செய்தோம்.

டிரெய்லர் இல்லாதவர்களும் இந்த முறையைப் பழகலாம். அடுத்த விடுமுறைக்கு நீங்கள் போக நினைக்கும் ஊரை எடுத்துக்கொண்டு, ஓர் இரவுக்கு மூன்று இடங்கள் என்று மூன்று வரிசைகளை மட்டும் இன்றே நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் காப்பி, பேஸ்ட், சேவ் ஆஸ், இம்போர்ட், பிரிண்ட் ஆகிய ஐந்தும் உங்கள் கைக்கு வந்துவிடும்.